அணிலும் அதன் நிறமும்

தேனி மாவட்டத்தில், சின்னமனூருக்கு அணித்தாக, முல்லைப் பெரியாற்று நீரால் வளம்பெற்று விளங்கும் ஊர் மார்க்கையன்கோட்டை. மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் இரண்டு மதில்கள்போல் நிற்க, அவற்றினிடையே நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. பென்னிகுயிக் என்னும் பொறியாளர் 1895-ஆம் ஆண்டில் கட்டி முடித்த பெரியாற்று அணை, மேற்குக் கடலை நோக்கி ஓடிய நீரைக் கிழக்கே திருப்பியது. அந்நீரின் பயனாய் இங்கே வயல்கள் இருபோகம் விளைகின்றன. தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் ஆற்றோரம் எங்கும் செழித்திருக்கின்றன. தோப்பு உள்ள இடத்தில் அணிலும் உண்டு. விடியற்காலையில் அதன் 'கீச்சுக் கீச்சு' என்னும் ஒலி கேளாத வீடு இப்பகுதியில் இல்லை எனலாம்.

நாள்தோறும் காணும் பொருளை நாம் உற்றுநோக்குவதில்லை. அணிலும் அத்தகையதே. ஆயினும், தோப்பில் வெள்ளை அணில் ஒன்று ஓடுகிறது என்று யாரேனும் ஒரு சிறுவன் கூவினால் போதும். ஊரே அங்குத் திரண்டுவிடும். 'இது நற்குறி, மழை பொழியும்' என்பார் ஒருவர். 'இது தீக்குறி; ஊருக்கு ஆகாது' என்பார் மற்றொருவர். 'பிடித்துக் கூண்டில் அடைத்தால் நல்ல விலை கிடைக்கும்' என்று எண்ணுவாரும் உளர். அணிலோ இவை ஒன்றும் அறியாது, அஞ்சி நடுங்கி, மட்டைக்கு மட்டை தாவித் தன் உயிரைக் காத்துக்கொள்ள முயலும். இம்மூவர் கூற்றில் எது உண்மை? அணிலுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது? அந்நிறம் ஏன் சிலபோது மாறுகிறது? இவற்றை ஆராய்ந்து அறிந்தால், அந்தச் சிற்றுயிரிடம் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையும் தானே விளங்கும்.

தமிழர் அணிலை மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து நோக்கியுள்ளனர். விலங்குகளின் இளமைப் பெயர்களை மரபியலில் வகுத்துரைக்கும் தொல்காப்பியர், மூங்கா, வெருகு, எலி, அணில் என்னும் நான்கின் குஞ்சுகளையும் குட்டி என வழங்கலாம் என்கிறார். அவ்விடத்தில் மற்ற மூன்றையும் பெயரளவில் கூறிச் சென்றவர், அணிலுக்கு மட்டும் 'மூவரி' என்னும் அடைமொழி கொடுக்கிறார். முதுகில் மூன்று வரிகளை உடையது என்பது அதன் பொருள். இலக்கணம் செய்யப் புகுந்த புலவர் ஓர் உயிரின் முதுகிலுள்ள கோடுகளை எண்ணி எழுதினார் என்றால், அக்காலத்தவரின் நோக்கு எத்துணைக் கூர்மையது என்பதை எண்ணிப் பாருங்கள்! நம் மக்களும் அதனை 'அணிற்பிள்ளை' என்று அன்போடு அழைக்கின்றனர். கீரிக்கும் கிளிக்கும் தென்னைக்கும் கொடுத்த 'பிள்ளை' என்னும் பெயரை அணிலுக்கும் கொடுத்துள்ளனர்.

அம்மூன்று வரிகள் வந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சேது கட்டுங்கால் மணலில் புரண்டு உதவிய அணிலை இராமபிரான் தம் மூன்று விரல்களால் தடவிக் கொடுத்தார் என்றும், அவ்விரல்களின் சுவடே வரிகளாக நின்றது என்றும் நம் பாட்டியர் கூறுவர். தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில், கடலை அடைக்க முயன்ற அணில்களின் வஞ்சனையற்ற தொண்டைக் குறிப்பிடுகிறார். முதுகில் வரி விழுந்த செய்தி அப்பாடலில் இல்லை. அது மக்கள் வாய்மொழியில் வளர்ந்த அழகிய கதை. சிறியவரும் தம்மால் இயன்றதைச் செய்தல் வேண்டும் என்னும் நீதி அதில் அடங்கியுள்ளது. அந்நீதியைப் போற்றுவோம். அதனோடு, வரிகள் உண்டாகும் முறையை அறிவியல் நூலார் கண்டறிந்தவாறும் அறிந்துகொள்வோம்.

இந்திய நாட்டில் வரியணில்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. தென்னாட்டுத் தோப்புகளில் நாம் காண்பது மூன்று வரிகளை உடையது. வடநாட்டு ஊர்களில் மிகுதியாகக் காணப்படுவது ஐந்து வரிகளை உடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் மூன்று வரிகளையுடைய வேறொரு வகை வாழ்கிறது. அம்மலையின் ஈரம் மிக்க உயர்ந்த சோலைகளில் வாழும் மிகச் சிறிய அணில் ஒன்று உண்டு, அதன் உடல் இருண்ட நிறத்தது, வரிகளும் மங்கலானவை. நிழல் நிறைந்த சோலையில் அது ஓடும்போது இலைச்சருகு அசைவது போலவே தோன்றும்.

இனி, நிறம் உண்டாகும் முறையைக் காண்போம். பாலூட்டிகளின் மயிருக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. இது இருவகைப்படும். ஒன்று கருமையும் கரும்பழுப்பும் தருவது. மற்றொன்று செம்மையும் மஞ்சளும் தருவது. தோலில் உள்ள சில உயிரணுக்கள் இந்நிறமிகளை ஆக்கி, வளரும் மயிருக்குள் செலுத்துகின்றன. அணிலின் மயிர் ஒன்றைப் பிடுங்காமல், உதிர்ந்து கிடப்பதை எடுத்து ஒளியில் பாருங்கள். அடி முதல் நுனி வரை அது ஒரே நிறமாய் இராது. சிறிது தூரம் கருமை, பின்னர் வெளிர்மை, மீண்டும் கருமை என்று பட்டை பட்டையாய் இருக்கும். மயிர் வளர்ந்துகொண்டிருக்கையில் உயிரணுக்கள் ஒருபோது ஒரு நிறமியையும் மற்றொருபோது வேறொன்றையும் மாற்றி மாற்றி அளிப்பதே இதற்குக் காரணம். சாம்பல் என்றும் பழுப்பு என்றும் நம் கண்ணுக்குத் தோன்றுவது, இப்பட்டைகள் ஆயிரக்கணக்கில் கலந்து நிற்கும் தோற்றமே ஆகும்.

முதுகின் வரிகளுக்கும் இதனை ஒட்டியே விடை கிடைத்துள்ளது. ஆப்பிரிக்காவில் வரிகளையுடைய சுண்டெலி ஒன்று உண்டு. அதனை ஆராய்ந்த அறிஞர்கள் 2016-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். வெளிர்வரி அமைய வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு மரபணு மிகுதியாகத் தொழிற்படுகிறது. அது நிறமி ஆக்கும் உயிரணுக்களை அவ்விடத்தில் முதிர்ச்சியடையாமல் தடுத்துவிடுகிறது. ஆதலின் அவ்விடம் வெளிறி நிற்கிறது. வட அமெரிக்காவில் வாழும் வரியணில் ஒன்றிலும் அம்மரபணு அவ்வாறே தொழிற்படுவதை அவர்கள் கண்டனர். எனவே, வெண்வரி என்பது மேலே பூசப்பட்ட வெண்ணிறம் அன்று. கருநிறம் தடுக்கப்பட்ட இடம். வாசலில் கோலம் இடுவார் கோட்டை இட்டு அழகு செய்வர். இயற்கையோ நிறத்தை விட்டு அழகு செய்கிறது.

நிறமியை எவ்வளவு ஆக்க வேண்டும், எங்கே ஆக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்னும் கட்டளைகள் யாவும் மரபணுக்களில் அமைந்துள்ளன. அக்கட்டளைகளில் ஒன்று மாறினால் நிறமும் மாறும். இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள, நீங்கள் இலக்கண வகுப்பில் கற்ற ஒரு செய்தியை நினைவுகூருங்கள். இரண்டு சொற்கள் புணரும்போது மாற்றம் ஒன்றும் நேராவிடின் அஃது இயல்பு. மாற்றம் நேரின் அது விகாரம். விகாரம் மூவகைப்படும். வாழை என்பதும் பழம் என்பதும் சேர்ந்து வாழைப்பழம் ஆகுங்கால் 'ப்' என்னும் எழுத்துத் தோன்றுகிறது, இது தோன்றல். பொன் என்பதும் குடம் என்பதும் பொற்குடம் ஆகுங்கால் 'ன்' என்பது 'ற்' ஆகிறது, இது திரிதல். மரம் என்பதும் வேர் என்பதும் மரவேர் ஆகுங்கால் 'ம்' மறைகிறது, இது கெடுதல். பேச்சு வழக்கில் விகாரம் என்றால் அழகற்றது என்று பொருள் கொள்கின்றனர். இலக்கண நூலார்க்கோ விகாரம் என்பது விதிக்கு உட்பட்ட மாற்றம், அவ்வளவே. பொற்குடம் அழகற்றது என்று யாரேனும் கூறுவரோ? அணிலின் நிறமாற்றத்தையும் இந்த இலக்கணப் பொருளிலேயே நாம் கொள்ளுதல் வேண்டும். அங்கும் கெடுதல், தோன்றல், திரிதல் என மூன்றையும் காணலாம்.

முதலாவது கெடுதல். மெலனினை ஆக்குவதற்கு நொதி ஒன்று வேண்டும். அந்நொதிக்குரிய மரபணு பழுதுபட்டால் நிறமி சிறிதும் உண்டாகாது. மயிர் பால்போல் வெளுத்திருக்கும். தோல் இளஞ்சிவப்பாய்த் தோன்றும். கண்ணிலும் நிறமி இல்லாமையால் உள்ளே ஓடும் குருதி புறத்தே தெரிந்து, கண் சிவந்து காணப்படும். முதுகின் வரிகளும் மறைந்தோ மிக மங்கியோ போகும். நிறமே இல்லாத இடத்தில் நிறத்தைத் தடுத்து வரையும் கோடு எங்ஙனம் புலப்படும்?

இத்தகைய குட்டி, சாம்பல்நிறப் பெற்றோர்க்கே பிறத்தல் கூடும். ஒவ்வோர் உயிரும் ஒரு மரபணுவின் இரண்டு படிகளை உடையது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. இவ்விரண்டனுள் ஒன்று செவ்வையாய் இருந்தாலே நிறமி உண்டாகிவிடும். ஆதலின், பழுதுபட்ட படி ஒன்றை மறைவாகத் தாங்கிய அணில் பிறவற்றைப் போலவே காணப்படும். அத்தகைய ஆணும் பெண்ணும் கூடினால், பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் வெண்ணிறம் பெறுவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தலைமுறை தலைமுறையாக வெளிப்படாமல் வந்த ஒன்று, திடீரென ஒரு நாள் தென்னை உச்சியிலுள்ள கூட்டில் வெளிப்படுகிறது. இதில் ஊருக்கு நன்மையும் இல்லை; தீமையும் இல்லை. இதனால் மழை பெய்வதும் இல்லை, பொய்ப்பதும் இல்லை.

உடல் வெளுத்திருந்தும் கண்கள் கறுத்தே இருக்கும் அணில்களும் உண்டு. அவற்றின் நிலை வேறு. அங்கே நிறமியை ஆக்கும் ஆற்றல் அழியவில்லை. மயிருக்கு நிறம் சேர்வது மட்டும் தடைப்பட்டுள்ளது. ஆகவே வெள்ளை அணிலைக் கண்டால் முதலில் அதன் கண்ணைக் காணுதல் வேண்டும். கண் சிவந்துள்ளதா, கறுத்துள்ளதா என்பதே இவ்விரு வகையையும் பிரித்தறியும் எளிய வழி.

இவ்விரு வகைக்கும் அமெரிக்க நாட்டில் புகழ்பெற்ற இரண்டு ஊர்கள் சான்றாக உள்ளன. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஓல்னி நகரில் நிறமியற்ற வெள்ளை அணில்கள் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றன. சாலையைக் கடக்கும் அணிலுக்கு வண்டிகள் வழிவிட வேண்டும் என்று அந்நகரத்தார் விதி வகுத்துள்ளனர். ஆண்டுதோறும் அணில்களை எண்ணிக் கணக்கும் எடுக்கின்றனர். வட கரோலினா மாநிலத்துப் பிரெவார்டு நகரிலும் வெள்ளை அணில்கள் உண்டு. ஆனால் அவற்றின் கண்கள் கறுத்தவை. அந்நகரத்தார் 1986-ஆம் ஆண்டில் தம் ஊரையே அணில்களின் புகலிடமாக அறிவித்தனர்.

மக்கள் காவாத இடத்தில் வெள்ளை அணிலின் வாழ்வு துன்பமானது. சாம்பல்நிற அணில் தென்னை மட்டையோடு மட்டையாய் ஒட்டிக்கொண்டால் வல்லூறுக்கும் புலப்படாது. வெள்ளை அணிலோ, பச்சை ஓலையின்மேல் வைத்த பருத்திக்கொட்டை போல் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். பருந்தும் பூனையும் பாம்பும் அதனை எளிதில் காணும். கண்ணில் நிறமி இல்லாமையால் அதன் பார்வையும் கூர்மை குன்றியிருக்கும். வெயிலில் கண் கூசும். கிளையின் தொலைவை அளந்து தாவ வேண்டிய உயிர்க்கு இஃது எத்துணைப் பெரிய இடர்! இத்தனைக்கும் மேலே, நாமும் கல்லும் கவணும் வலையும் கொண்டு அதனைத் துரத்தினால், அந்தப் பேதை உயிர் எங்கே சென்று பிழைக்கும்?

இரண்டாவது தோன்றல். இல்லாத கருமை மிகுந்து தோன்றுவது இது. வட அமெரிக்காவில் வாழும் சாம்பல் அணில்களிடையே கன்னங்கரிய அணில்களும் பிறக்கின்றன. அவற்றை ஆராய்ந்த அறிஞர்கள் 2009-ஆம் ஆண்டில் அதன் காரணத்தை வெளியிட்டனர். நிறமி உயிரணுவுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் ஒரு மரபணுவில் சிறு பகுதி விடுபட்டுள்ளது. அதனால் 'கருமையை ஆக்கு' என்னும் கட்டளை இடையறாது செல்கிறது. மயிரில் பட்டைகள் அமையாமல் முழுதும் கருமையே படிகிறது. இம்மாற்றத்தை ஒருபால் மட்டும் பெற்ற அணில் கரும்பழுப்பாகவும், இருபாலும் பெற்ற அணில் மை போலவும் இருக்கும்.

கருமை அவ்வணில்களுக்குக் கேடு செய்யவில்லை. குளிர் மிக்க வடபகுதிகளில் அவை பெருகியே வாழ்கின்றன. கரிய அணில் கடுங்குளிரில் உடல்வெப்பத்தைக் குறைவாகவே இழக்கிறது என்று ஆராய்ச்சியாளர் அளந்து கண்டுள்ளனர். 1961-ஆம் ஆண்டில் கனடா நாட்டிலிருந்து கரிய அணில்கள் சிலவற்றை ஒகையோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக்கழக வளாகத்திற்குக் கொண்டுவந்து விட்டனர். இன்று அந்நகரம் முழுவதும் அவற்றின் வழித்தோன்றல்கள் ஓடியாடித் திரிகின்றன. ஓரிடத்தில் இடராக அமையும் நிறமாற்றம் வேறோரிடத்தில் துணையாகவும் அமையலாம் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது திரிதல். ஒரு நிறம் இடத்திற்கேற்ப வேறொரு நிறமாய்த் திரிவது இது. இதனைக் காண்பதற்குக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. மார்க்கையன்கோட்டையிலிருந்து நிமிர்ந்து நோக்கினால் தெரியும் மேகமலையே இதற்கு ஏற்ற பள்ளிக்கூடம். அதன் உச்சியில் மழை மிக்க பசுஞ்சோலைகளில் மலையணில் வாழ்கிறது. அதன் உடல் ஓரடிக்கு மேல் நீளமுடையது. வால் உடலினும் நீண்டது. தலையும் முதுகின் நடுப்பகுதியும் கருஞ்சிவப்பு, தோளும் இடையும் வாலும் கருமை, வயிறு வெளிர்மஞ்சள். மரத்தைவிட்டு இறங்குவது அதற்கு அரிது. கிளைக்குக் கிளை இருபது அடி தொலைவையும் ஒரே தாவலில் கடக்கவல்லது.

அம்மலைத்தொடரின் கீழ்ப்பகுதிகளில், வறண்ட சரிவுகளை ஊடறுத்துச் செல்லும் ஓடைக்கரைக் காடுகளில், அதன் உறவாகிய மற்றொரு மலையணில் வாழ்கிறது. முதியோர் தலைமயிர்போல் நரையோடிய சாம்பல்நிறம் உடையது அது. ஆதலின் அதனை நரையணில் என்றும் சாம்பல்நிற மலையணில் என்றும் வழங்குவர். இவ்விரண்டும் வெவ்வேறு இனங்கள். எனினும், ஈரக் காட்டில் கருமையும் வறண்ட காட்டில் சாம்பலுமாக அவை வாழும் முறை நம் கருத்தை ஈர்க்கிறது.

ஓர் இனத்துள்ளேயே இத்தகைய வேறுபாட்டைக் காண விரும்பினால் இலங்கையை நோக்குக. நரையணில் அங்கும் வாழ்கிறது. அத்தீவின் வறண்ட பகுதியில் நம் நாட்டு நரையணில் போலவே அது சாம்பல்நிறமாய் உள்ளது. மழை மிக்க தென்மேற்குப் பகுதியில் அதே இனம் முதுகு கறுத்தும் வயிறு மஞ்சளித்தும் காணப்படுகிறது. மலையணிலும் இவ்வாறே. தென்கோடியில் கருமை மிக்க அவ்வணில், வடக்கே மராட்டியத்துப் பீமாசங்கர்க் காடுகளில் கருமை நீங்கிச் செம்பழுப்பாய் விளங்குகிறது. அம்மாநிலத்தார் அதனைத் தம் மாநில விலங்காகப் போற்றுகின்றனர். வெப்பமும் ஈரமும் மிக்க இடத்து உயிர்கள் கருநிறம் மிகுந்தும், வறண்ட இடத்து உயிர்கள் வெளிறியும் இருத்தல் பெரும்பான்மை என்று கிளோகர் என்னும் செருமானிய அறிஞர் 1833-ஆம் ஆண்டிலேயே கூறினார். நிழலடர்ந்த சோலையில் கரியதும், ஒளி மிக்க திறந்த காட்டில் வெளிறியதும் பகைவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாமை இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று.

இவ்விடத்தில் வருந்தத்தக்க செய்தி ஒன்றையும் கூற வேண்டும். மலையணில்களுள் மிக வெளிறிய ஒரு பிரிவு குசராத்து மாநிலத்து டாங் காடுகளில் வாழ்ந்தது. பிளான்போர்டு என்னும் விலங்கியலார் 1897-ஆம் ஆண்டில் அதற்குப் பெயரிட்டார். அப்பிரிவு இன்று அழிந்துபோயிற்று என்று அறிஞர் கருதுகின்றனர். மலையணில் என்னும் இனம் நாட்டின் பிற பகுதிகளில் வாழ்கிறது. ஆனால் அந்த நிறம் போய்விட்டது. தனியொரு வெள்ளைக் குட்டி தற்செயலாகப் பின்னரும் பிறக்கலாம். ஒரு காட்டோடு பன்னெடுங்காலம் பழகி அமைந்த நிறமோ, காட்டோடு அழிந்தால் மீண்டும் வருவதில்லை.

ஆகவே நிறத்தைக் காக்க வேண்டுமாயின் காட்டைக் காத்தல் வேண்டும். நரையணிலின் பொருட்டே திருவில்லிபுத்தூரில் 1988-ஆம் ஆண்டில் ஒரு சரணாலயம் நிறுவப்பட்டது. ஓர் அணிலின் பெயரால் காடு ஒன்று காக்கப்படுவது நம் மாநிலத்திற்குப் பெருமை தருவதன்றோ? 2021-ஆம் ஆண்டில் அச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைக்கப்பட்டுத் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் என்னும் பெயர் பெற்றன. அதன் பரப்பு ஆயிரம் சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்டது. நரையணிலுக்கு வேண்டுவது கிளையோடு கிளை கோத்து நிற்கும் தொடர்ந்த மரநிழல். இடையே நான்கு மரங்களை வெட்டினால், அதன் வழி அறுந்துபோகும். அது நிலத்தில் இறங்கி ஓட வேண்டும். நாய்க்கும் வேட்டை விலங்கிற்கும் இரையாக வேண்டும். மலையணில், நரையணில் ஆகிய இரண்டும் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவன. அவற்றை வேட்டையாடுதல் குற்றம்.

சட்டம் காட்டைக் காக்கும். தோப்பில் ஓடும் வெள்ளை அணிலைக் காப்பவர் யார்? அவ்வூர்ச் சிறுவர் சிறுமியரே. அத்தகைய அணில் ஒன்றைக் கண்டால் கூவிக் கூட்டம் சேர்க்காதீர்கள். பிடிக்க முயலாதீர்கள். கூண்டில் அடைத்த அணில் அச்சத்தாலேயே மெலிந்து மடியும். தொலைவில் நின்று பொறுமையோடு நோக்குங்கள். கண் சிவந்துள்ளதா, கறுத்துள்ளதா? முதுகில் வரி தெரிகிறதா? வால் என்ன நிறம்? உடன் திரியும் அணில்கள் எந்நிறத்தன? எந்த நாள், எந்த இடம், என்ன மரம்? இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பின்னர் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

'சிறுவர் எழுதும் குறிப்பால் என்ன பயன்?' என்று எண்ண வேண்டா. மேகமலையில் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்த ஆங்கசு அட்டன் என்பார், ஓய்வு நேரத்தில் அம்மலையின் உயிர்களைக் கருத்தோடு நோக்கிக் குறித்து வந்தார். 1948-ஆம் ஆண்டில் அவர் அங்கே பழந்தின்னி வௌவால் ஒன்றைப் பெற்றார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தொகுப்பில் அது வேறொரு வகையெனக் கருதப்பட்டுப் பல்லாண்டு கிடந்தது. 1972-ஆம் ஆண்டில் அதனை மீண்டும் ஆராய்ந்த தாய்லாந்து அறிஞர் ஒருவர், அஃது உலகம் அதுவரை அறியாத புதிய இனம் எனக் கண்டு, பறவையியல் பேரறிஞர் சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். ஒருவர் கருத்தோடு கண்டு காத்து வைத்தது, இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து உலகிற்குப் பயன்பட்டது. இந்நிகழ்ச்சிக்கு இடமான மலை, உங்கள் பள்ளியின் சாளரத்திலிருந்து காணும் அதே மலைதான்.

இறுதியாக ஒன்று. அணிலின் மயிருக்கு நிறம் தரும் மெலனினே மனிதரின் தோலுக்கும் மயிருக்கும் கண்ணுக்கும் நிறம் தருகிறது. அணிலிடம் நேரும் அம்மாற்றமே மனிதரிடத்தும் நேர்வதுண்டு. நிறமி குன்றிப் பிறந்த பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்கள் மேனி மிக வெளுத்திருக்கும். வெயிலில் கண் கூசும். கரும்பலகையிலுள்ள எழுத்து அவர்களுக்குச் செவ்வையாய்ப் புலப்படாது. அது நோயும் அன்று. எவர் செய்த தீவினையின் பயனும் அன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அன்று. அப்பிள்ளைகளைச் சிலர் புனைபெயர் கூறி அழைக்கின்றனர்; விளையாட்டிலும் சேர்த்துக்கொள்வதில்லை. இஃது அறமாகுமோ? வெள்ளை அணிலின் சாம்பல்நிற உடன்பிறப்புகள் அதனோடு ஒரே கூட்டில் உறங்குகின்றன. ஒரே மரத்தில் ஓடி விளையாடுகின்றன. ஆறறிவு படைத்த நாம் அவ்வளவேனும் செய்தல் வேண்டாவா? வகுப்பில் அத்தகைய தோழர் ஒருவர் இருப்பின், முன்வரிசையில் அவருக்கு இடம் விடுங்கள். வெயிலில் நிற்க நேர்ந்தால் நிழலுள்ள பக்கத்தை அவருக்குக் கொடுங்கள். பலகையில் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

சாம்பல், வெண்மை, கருமை, செம்மை என நிறம் எதுவாயினும் அணில் அணிலே. அதன் பசியும் அச்சமும் தாயன்பும் எல்லா நிறத்திற்கும் ஒன்றே. மாற்றம் கண்டவிடத்து வெறுப்பதும் வியந்து துரத்துவதும் அறியாமையின் செயல்கள். நின்று நோக்கி, காரணம் உணர்ந்து, இடம் கொடுத்து விலகி நிற்பது அறிவின் செயல். மூன்று வரிகளை எண்ணி அறிந்த முன்னோரின் வழிவந்த நாம், வரியில்லா அணிலையும் அந்த அன்பும் கூர்மையும் குன்றாத கண்ணோடு காண்போமாக.